நாங்கூழும் எம் மரவள்ளிக் கொல்லையும்

கள்ளக்குறிச்சியினின்று கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைமீது ஏறிச் செல்வோர், வெள்ளிமலையை அணுகுங்கால் வழியோரம் பல மரவள்ளிக் கொல்லைகளைக் காண்பர். அவற்றுள் ஒன்று எம் குடும்பத்தினது. எம் பாட்டியாரின் இளமையில் அந்நிலத்திற் சாமையும் தினையும் விளைந்தன. சில ஆண்டு விளைந்தபின் சில ஆண்டு தரிசாய்க் கிடக்கும். மரவள்ளி புகுந்தபின் நிலத்திற்கு ஓய்வென்பதே இல்லாதாயிற்று. அதுவோ மண்ணின் சாம்பற்சத்தைப் பெரிதும் உறிஞ்சும் பயிர். நட்ட முதற் சில திங்கள் இலை தழைத்து நிலத்தை மூடாமையால், சரிவிற் பெய்யும் மழை மேல்மண்ணை ஓடையிற் சேர்த்துவிடும். ஜவ்வரிசி ஆலைக்காரரோ கிழங்கை எடையால் மட்டும் வாங்குவதில்லை. மாவுச்சத்தைப் ‘பாயிண்ட்’ கணக்கில் அளந்தே விலை பேசுவர். எம் கிழங்கின் பாயிண்ட் ஆண்டுதோறும் குறைந்துவந்தது. எம் கல்லூரிச் சம்பளமும் விடுதிச் செலவும் அந்தப் பாயிண்டையே நம்பி நின்றன என்பதை ஈண்டு மறைப்பானேன்?

இந்நிலையில் விலங்கியல் வகுப்பில் மண்புழுவைப் பற்றிக் கேட்டோம். டார்வின் 1881-இல் வெளியிட்ட தம் நூலில், இங்கிலாந்தின் பல இடங்களில் ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுதோறும் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல்வழியே சென்று மீள்கிறது என்று கணக்கிட்டார். பத்தாண்டு கழித்து, 1891-இல் வெளிவந்த மனோன்மணீயத்தில், சுந்தரம் பிள்ளையவர்கள் அப்புழுவை நாங்கூழ் என்றழைத்து, உழவர்க்குச் சிறந்தோனாக ஏற்றிப் பேசுவித்தார். தமிழாசிரியரும் விலங்கியலாசிரியரும் ஒரே புழுவைப் புகழக் கேட்டபின் எம் உள்ளம் ஊரிலா, வகுப்பிலா இருக்கும்?

விடுமுறைக்குச் சென்றதும் அன்னையார் சிறுவாட்டுப் பணத்தை வாங்கித் தொட்டி கட்டினோம். புழுக்களையும் விலைக்கு வாங்கினோம். அன்றைய பச்சைச் சாணத்தைத் தொட்டி நிறையக் கொட்டி அவற்றை உள்ளே விட்டோம். மூன்றாம் நாள் எழுந்த நாற்றத்தை இங்கு விரிக்கவேண்டுவதில்லை. பச்சைச் சாணமும் குப்பையும் மட்கத் தொடங்குங்கால் வெப்பம் எழும். நன்கு அமைந்த குவியலில் அது 55 முதல் 65 பாகை வரை ஏறும். களைவிதைகளும் நோய்க்கிருமிகளும் மடிவதற்கு அவ்வெப்பம் நன்று. புழுவோ 35 பாகையையே தாங்காது. முதலிற் குப்பை வெந்து ஆறவேண்டும், பின்னரே புழுவின் வேலை என்னும் எளிய முறையை அறியாமல் எத்தனை உயிர்களை அவித்தோம்! அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எமக்குப் பெருந்தண்டனையாயிற்று.

இரண்டாம் முறை பணம் செலவிடவில்லை. சென்னை நியூ கல்லூரியிற் பேராசிரியராயிருந்த சுல்தான் அகமது இஸ்மாயில் அவர்கள் நம் நாட்டுப் புழுக்களைக் கொண்டே எருவாக்கிக் காட்டியவர். அதை அறிந்தபின், மாட்டுக்கொட்டகைக்குப் பின்புறம் பழஞ்சாணத்தின் அடியில் நெளிந்தவற்றையே திரட்டி, ஆறிய குப்பையில் விட்டோம். இரு திங்களில் தேயிலைத்தூள் போன்ற கரிய எச்சம் கிடைத்தது. அதற்கு நாற்றமில்லை, மழைபெய்த மண்ணின் மணமே இருந்தது.

நான்கு சட்டிகளில் மிளகாய் நாற்று வைத்தோம். ஒன்றில் வெறும் கொல்லைமண். ஒன்றில் மண்ணோடு மட்கிய குப்பை. ஒன்றில் ஐந்திலொரு பங்கு புழுவெச்சம். ஒன்றில் முழுவதும் எச்சமே. நான்காவதே முந்தும் என்று பாட்டியாரிடம் வீறு பேசினோம். முந்தியது மூன்றாவது. அதன் இலை அகன்றது. பூவும் முதலிற் கண்டது. இரண்டாவது சற்றுப் பின்தங்கியது. நான்காவதோ வெறும் மண்ணிலிருந்ததினும் பெரிதும் மேம்படவில்லை. அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட்ஸ் குழுவினரும் இவ்வாறே கண்டனர் எனப் பின்னர் அறிந்தோம்: கலவையில் பத்து முதல் நாற்பது விழுக்காடுவரை எச்சம் இருக்கும்போதே செடி சிறக்கும்; மிகுந்தால் உப்புக்கள் மிகும், வேருக்குக் காற்றும் குறையும். பயன் வெறும் ஊட்டச்சத்தால் மட்டுமன்று. புழுவின் குடலிற் பெருகும் நுண்ணுயிர்களும், வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களும் துணைநிற்கின்றன.

தந்தையார் சட்டிகளைப் பார்த்தார். “தம்பி, சட்டிக்குச் சரி. சரிவுக்கு என்ன கணக்கு?” என்றார்.

கணக்கிட்டோம். புழுவெச்சத்தில் தழைச்சத்து ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு விழுக்காடு. ஆகவே ஒரு டன்னில் 15 முதல் 20 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றிலும் ஏறத்தாழ அவ்வளவே உண்டு. ஒரு டன் எருவைத் தலைச்சுமையாய்ச் சரிவில் ஏற்றுவது யார்? தந்தையார் சிரித்தார்; எமக்குச் சிரிப்பு வரவில்லை. ஆயினும் யூரியா இட்ட மறுநாள் பெருமழை பெய்தால் அதிற் பெரும்பகுதி எங்கே போகும் என்று கேட்டோம். அதற்கு அவர் விடை கூறவில்லை.

எனவே சுமப்பதைக் குறைத்தோம். இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டு அவர்கள் 1924 முதல் 1931 வரை செப்பஞ்செய்த முறையைத் தழுவி, சாமை வைக்கோல், சருகு, சாணம், சாம்பல், மண் ஆகியவற்றை அடுக்கடுக்காய் இட்டுக் கொல்லைத் தலைமாட்டிலேயே குழியமைத்தோம். புழுவெச்சத்தைக் குழிக்கொரு கைப்பிடி மட்டும் நடவின்போது இட்டோம். வரிகளைச் சரிவுக்குக் குறுக்கே அமைத்து, இடையே சருகு பரப்பினோம். இவை அனைத்தும் அரை ஏக்கரிலேதான். அதற்குமேல் தந்தையார் இசையவில்லை.

தையில் தோண்டினோம். அரை ஏக்கரின் எடை மற்றதினும் சிறிதே கூடிற்று. பாயிண்டோ ஒன்று ஏறியது. இது குப்பையாலா, சாம்பலாலா, சருகாலா எனப் பிரித்துச் சொல்ல எம்மால் இயலவில்லை. எல்லாவற்றையும் ஒருங்கே செய்துவிட்டோம். எம் ஆசிரியர் இதை அறிந்தால் மதிப்பெண் குறைப்பார். பாட்டியார் அக்கிழங்கை வேகவைத்து, நார் குறைவு என்றார். அது பேரன்மேலுள்ள அன்பாகவும் இருக்கலாம். தந்தையார் கருத்தொன்றும் கூறவில்லை. கீழ்க்கொல்லையில் இரண்டாங் குழி வெட்ட ஆள் பேசியிருப்பதாக மட்டும் சென்ற வாரம் தொலைபேசியில் தெரிவித்தார்.