மணக்குடிக் காயலும் மருமகன் தொட்டியும்

ஆசிரியர் என்னை நாகர்கோவிலுக்கு அனுப்பியது பறவைகளைப் பற்றி எழுதுவதற்காக. சுசீந்திரம்-தேரூர் நீர்நிலைகள் 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம் பெற்றனவே, அங்கே வரும் பறவைகளைப் பார்த்து எழுதிக்கொண்டு வாரும் என்றார். நான் போனதோ மே மாதம். குளிர்கால விருந்தாளிகள் பெரும்பாலும் மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே போய்விட்டார்கள். இது ஆசிரியருக்குத் தெரியாது. ரயில் ஏறும் வரையில் எனக்கும் தெரியாது. ஆகவே வாசகர்கள் மன்னிக்க வேண்டும். இது மீன் கட்டுரை.

வடிவீசுவரத்தில் என் அக்கா வீடு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "மெல்லப் பேசு தம்பி. பையன் அழுதிட்டிருக்கான். இன்னைக்கு ரெண்டு செத்துப் போச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம்தான் விஷயம் விளங்கிற்று. மருமகன் எட்டாம் வகுப்பு முடித்தவன். சித்திரை விஷுவுக்குக் கிடைத்த கைநீட்டத்தையும், மூன்று வருஷமாகச் சேர்த்த காசையும் போட்டு ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கியிருக்கிறான். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குப் போட்டால் சுமார் 250 லிட்டர் தண்ணீர். அதில் ஆறு ஆஸ்கர் குஞ்சுகள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு. தொட்டி, தண்ணீர், மீன் மூன்றும் ஒரே நாளில் வீட்டுக்குள் வந்தன. கடைக்காரரும் "எல்லாம் சரியா இருக்கும் தம்பி" என்று சொல்லி அனுப்பினாராம்.

ஆறாம் நாள் தண்ணீர் பாலைக் கலக்கினாற்போல் மங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஏழாம் நாள் இரண்டு போயிற்று. அன்றுதான் நான் போய்ச் சேர்ந்தேன். இரவு இன்னொன்று.

"தெனமும் சுத்தமாத்தான் வச்சிருந்தேன் மாமா. பஞ்சைக்கூட தெனமும் குழாய்த் தண்ணியில கழுவினேன்" என்றான் பையன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

மறுநாள் காலை அத்தான் எங்களைக் கோட்டாற்றிலுள்ள தம் நண்பர் ஒருவரிடம் அழைத்துப் போனார். வியாபாரி அல்ல, இருபது வருஷமாக வீட்டில் மீன் வளர்ப்பவர். பையன் சொன்னதைக் கேட்டுவிட்டு, "மக்கா, உன் சுத்தந்தான் கொன்னிருக்கு" என்றார். பையன் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது உண்மை.

மீன் சுவாசிக்கும்போது செவுள் வழியாக அமோனியா வெளியேறுகிறது. கழிவும் தின்னாமல் மிஞ்சிய தீனியும் அழுகும்போதும் அதே அமோனியாதான். கொஞ்சம் சேர்ந்தாலே மீனின் செவுள் புண்ணாகிவிடும். கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரிலும் அது இருக்கக்கூடும். ஆனால் இயற்கையில் இதற்கென்று வேலையாட்கள் இருக்கிறார்கள். ஒருவகை நுண்ணுயிர் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அதில் பெரிய ஆபத்தில்லை, வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீரை மாற்றினால் தீர்ந்தது. இந்த வேலையாட்கள் குடியிருப்பது வடிகட்டியின் பஞ்சிலும், அடியில் போட்ட கூழாங்கல்லிலும். புதுத் தொட்டியில் இவர்கள் பெருகி வேலைக்கு வர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். மருமகன் தொட்டியில் அவர்கள் தலை காட்டிய போதெல்லாம், பாவம், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரால் அடித்து விரட்டப்பட்டிருக்கிறார்கள்!

முதலில் தண்ணீரை வளர்க்க வேண்டும், பிறகுதான் மீன் என்றார் கோட்டாற்றுக்காரர். வெறும் தொட்டியில் வடிகட்டியை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகைத் தீனி மட்டும் போட்டு வரவேண்டுமாம். கடையில் கிடைக்கும் சோதனை மருந்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன். அதுவும் ஆஸ்கர் என்றால் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஏனென்றால் இன்றைக்குக் கட்டைவிரல் அளவிலிருப்பது ஒரு வருஷத்தில் ஏறக்குறைய ஓரடி வளரும். தீனியும் அதற்கேற்ப, கழிவும் அதற்கேற்ப.

"சரி, இப்போ இருக்கிற மூணுக்கு வழி?" என்றார் அத்தான்.

அவர் தம் பழைய தொட்டியின் வடிகட்டியிலிருந்து ஒரு பஞ்சைப் பிடுங்கி, அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்துப் பையில் போட்டுக் கொடுத்தார். கன்னங்கரேலென்று இருந்தது. அதைக் கழுவாமல் எங்கள் வடிகட்டியில் சொருக வேண்டும். தினம் கால்பங்கு தண்ணீரைக் கிணற்று நீரால் மாற்ற வேண்டும். தீனியை இரண்டு நாள் நிறுத்தி, பிறகு அரைவயிறு. வீட்டுக்கு வந்ததும் அக்கா பையைத் திறந்து பார்த்து, "இந்த அழுக்கையா காசு கொடுத்து வாங்கிட்டு வந்தீங்க?" என்றாள். காசு கொடுக்கவில்லை என்று சொன்ன பிறகே சமாதானமானாள்.

விடைபெறும்போது அவர் சொன்ன இன்னொன்றுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "பையனை மணக்குடிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆஸ்கருக்குச் சொந்தக்காரன் அங்கே இருக்கான்."

ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். சுசீந்திரத்தில் தாணுமாலயனைக் கும்பிட்டு, தெப்பக்குளத்தங்கரையில் சற்று நின்று, தேரூர்க் குளத்தையும் எட்டிப் பார்த்தோம். கவிமணி பிறந்த ஊர். நாலைந்து நீர்க்காகங்கள் இருந்தன. ஆசிரியரிடம் காட்ட அவற்றைப் படம் எடுத்துக்கொண்டேன். புத்தளம் உப்பளங்களைத் தாண்டினால் மணக்குடி. நாஞ்சில் நாட்டு வயல்களுக்கெல்லாம் பாய்ந்து களைத்த பழையாறு கடலைச் சேரும் இடம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இங்கிருந்த பாலம் உடைந்து போயிற்று. புதிய பாலத்துக்கு லூர்தம்மாள் சைமனின் பெயர். காமராஜர் அமைச்சரவையில் மீன்வளத்துறையைக் கவனித்துக்கொண்ட பெண்மணி. மீன் பார்க்கப் போகிறவர்களுக்கு நல்ல சகுனம்தானே!

பொழிமுகத்தை மணல் அடைத்திருந்தது. காயல் அசையாமல் கிடந்தது. வள்ளத்தில் ஒரு பெரியவர் எங்களை ஏற்றிக்கொண்டார். கரையோரம் அலையாத்தி வேர்களுக்கிடையே துடுப்பை நிறுத்தி, "அங்க பாரு மக்கா" என்று பையனுக்குக் காட்டினார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகிய பிறகு பார்த்தால், உள்ளங்கை அகலத்தில் இரண்டு மீன்கள். பச்சை கலந்த சாம்பல் உடம்பு, குறுக்கே கறுப்புப் பட்டைகள், முத்துத் தெளித்தாற்போலப் புள்ளிகள். கரிமீன்! கேரளம் 2010-இல் மாநில மீனாக்கிக்கொண்டதும், சாப்பாட்டுக் கடைகளில் வாழையிலைக்குள் வெந்து வருவதும் இதுதான். ஆனால் அன்று அந்த ஜோடி சாப்பாட்டு ஞாபகத்தையே மறக்கடித்துவிட்டது. அவற்றுக்குக் கீழே சேற்றில் சிறு குழிகள். குழிகளின் மேலே புகைபோல ஏதோ அசைந்தது. குஞ்சுகள்!

"கல்லுலயோ வேருலயோ முட்டையை ஒட்டி வைக்கும். ரெண்டும் மாறி மாறிச் செறகால விசிறும். பொரிச்சதும் குழிக்குக் கொண்டுவரும். ஒண்ணு தீனிக்குப் போனா மத்தது நிக்கும்" என்றார் பெரியவர்.

கரிமீனும், அமேசான் ஆற்றுப் பக்கத்து ஆஸ்கரும், 1990-களில் மலேசியாவில் மனிதர்கள் கலந்து உண்டாக்கிய 'வாஸ்து மீன்' பிளவர்ஹார்னும் சிக்லிட் என்ற ஒரே குடும்பம். இந்தியாவுக்குச் சொந்தமான சிக்லிட்கள் மூன்றே மூன்று. கரிமீனுக்கு நெருங்கிய உறவினர்கள் மடகாஸ்கர் தீவில் இருக்கிறார்கள் என்பது அதைவிட ஆச்சரியம்.

"இவ்வளவு மீன் கழிவு போட்டும் இங்கே ஏன் பாட்டா தண்ணி கெடல்ல?" என்று கேட்டான் மருமகன்.

பெரியவர் சிரித்தார். "சேறு தின்னும், வேர் தின்னும், பொழி வெட்டினா கடல் கொண்டு போவும். முன்னே கதம்பை அழுக்கப் போட்ட மூலையிலே மட்டும் தண்ணி கறுத்து, கூமுட்டை நாத்தம் அடிக்கும். அந்தப் பக்கம் கரிமீன் எட்டிப் பாக்காது."

பையன் ஒன்றும் பேசவில்லை. வெகுநேரம் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று, "எங்க வீட்டு மூணையும் இங்க விட்டிரட்டுமா? பொழைச்சுக்குமில்லா?" என்றான்.

பெரியவர் துடுப்பை வள்ளத்தில் வைத்துவிட்டார். "வேண்டாம் மக்கா. ஜிலேபி ஒண்ணு போதும் எங்களுக்கு."

ஜிலேபி என்ற திலாப்பியாவும் சிக்லிட்தான், ஆப்பிரிக்கக்காரன். மலிவாக மீன் கிடைக்கட்டும் என்று 1952-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தாய்மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும். ஆகவே பெருக்கத்துக்குக் கேட்க வேண்டுமா? எத்தனையோ குளங்களில் நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்ய வாங்கும் உறிஞ்சு மீன்கூட, சலித்துப்போனவர்கள் கொட்டியதால் சென்னையிலும் கேரளத்திலும் நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது. ஆஸ்கரோ சிறு மீன்களை விழுங்குவது. அந்தக் குழியின் மேலே ஆடிய புகையை நினைத்தபோது எனக்கே நடுங்கிற்று. பையன் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மூன்று மீன்களில் ஒன்றைக் கோட்டாற்றுக்காரர் தம் பெரிய தொட்டிக்கு வாங்கிக்கொண்டார். மற்ற இரண்டையும் பையனிடம் ஒப்படைத்துவிட்டு நான் சென்னை திரும்பினேன். பறவைக் கட்டுரை என்ன ஆயிற்று என்று ஆசிரியர் கேட்டதையும் நான் பதில் சொன்னதையும் இங்கே எழுத வேண்டியதில்லை.

ஜூன் கடைசியில் டெலிபோன் வந்தது. "அமோனியா பூஜ்யம் மாமா. நைட்ரைட்டும் பூஜ்யம். ரெண்டும் என் கையிலேருந்தே தீனி வாங்குது!" அதற்குள் அக்கா டெலிபோனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நீ கொஞ்சம் சொல்லு தம்பி. அந்தக் கறுத்த பஞ்சை நாலு வெள்ளம் ஊத்திக் கழுவலாம்னா, கிட்டயே போக விடமாட்டேங்கான்."