தங்க எடம்

வெளிநாட்டுக்குத் தொண்டு செய்யப் போயிட்டு வந்தேன்னு சொன்னா எல்லாரும் எந்த நாடு, என்ன வேலை, எவ்வளவு காசு குடுத்தாங்கன்னு கேக்குறாங்க. எங்க தங்குனேன்னு கேக்குறவங்க ரொம்பக் கொஞ்சம். எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியம். எங்க சனங்களுக்கு வேலை குடுக்க இந்த நாட்டில் எல்லாரும் தயார். கூட்ட, கழுவ, அள்ள, சுமக்க எப்பவும் ஆள் வேணும். வேலை முடிஞ்ச பிறகு ராத்திரி எங்க படுக்கறதுங்குற எடத்துலதான் சாதி வந்து குறுக்க நிக்குது.

நான் போனது ஜெர்மனி. தெற்கே ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே இளைஞர்கள் ஒரு வருசம் சமூக சேவை செய்ய 1964-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். கட்டாய ராணுவ சேவை இருந்த காலத்தில், துப்பாக்கி தூக்க மாட்டேன் என்ற பையன்கள் ஆஸ்பத்திரியிலும் முதியோர் இல்லத்திலும் வேலை பார்த்தார்கள். 2011-ல் கட்டாய சேவையை நிறுத்திவைத்தபோது அந்த எடத்தை நிரப்ப மத்திய அரசே ஒரு தொண்டர் திட்டம் தொடங்கியது. வெளிநாட்டுக்காரர்களும் சேரலாம். சம்பளம்னு கிடையாது. கைச்செலவுக்குக் காசு, மருத்துவக் காப்பீடு, வருசத்துக்கு 25 நாள் பயிற்சி வகுப்பு. எனக்கு அறையும் சாப்பாடும் சேர்த்துக் குடுத்தாங்க. வேலை முதியோர் இல்லத்தில்.

அறை, ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மா வீட்டு மச்சில். போன அன்னைக்கே அந்தம்மா ரெண்டு சாவியை என் கையில் வச்சாங்க. ஒண்ணு தெருக்கதவுக்கு, ஒண்ணு அறைக்கு. சமையல்கட்டுக்குக் கூட்டிட்டுப் போய் பிரிட்ஜைத் திறந்து, ரெண்டாவது தட்டு உன்னோடதுன்னு காட்டுனாங்க. என்ன சமைப்பேன்னு கேக்கலை. அப்பா பேருக்குப் பின்னால என்ன இருக்குன்னு கேக்கலை. அவங்க போட்ட சட்டம் மூணுதான். குப்பையைப் பிரிச்சுப் போடணும்: காகிதம் தனி, சமையல் கழிவு தனி, பிளாஸ்டிக் தனி, மீதி தனி. ராத்திரி பத்து மணிக்கு மேல சத்தம் கூடாது. காலையில எவ்வளவு குளிரானாலும் சன்னலைத் தொறந்து காத்தாட விடணும், இல்லேன்னா சுவரில் பூஞ்சை பிடிக்கும்.

பழகத்தான் கஷ்டம். மத்தியானம் ஒருவேளைதான் சூடான சாப்பாடு. ராத்திரிக்கு ஜில்லுனு ரொட்டி, சீஸ். ஞாயித்துக்கிழமை கடைகண்ணி பூட்டியிருக்கும். சனிக்கிழமையே அரிசி வாங்கி வைக்காட்டி பட்டினிதான். ஆனா கறிக்கடையில் மாட்டுக்கறி வாங்கிட்டு வந்தா யாரும் பையை மோந்து பாக்கலை. மாடிப்படியில் ஏறும்போது எனக்குத்தான் பழக்கதோசத்தில் கை பையை மூடிக்கும்.

அந்தப் பக்கத்தில் 'கேர்வோகே' என்று ஒரு வழக்கம் உண்டு. கூட்டுற வாரம்னு அர்த்தம். ஒரே கட்டடத்தில் குடியிருக்கிற ஒவ்வொரு குடும்பமும் முறைவச்சு வாரம் ஒருத்தராகப் படிக்கட்டைத் துடைக்கணும், வாசல் நடைபாதையைப் பெருக்கணும். யார் முறையோ அவங்க கதவில் ஒரு அட்டை தொங்கும். ஸ்டுட்கார்டில் அவனவன் குப்பையை அவனவனே வாரா வாரம் அகற்றணும்னு 1492-லேயே உத்தரவு போட்டிருக்கிறார்கள். கீழ்வீட்டில் ஒரு டாக்டர். ஒரு சனிக்கிழமை அவர் முட்டி போட்டுப் படிக்கட்டைத் துடைச்சிக்கிட்டிருந்தார். நான் தாண்டிப் போறதுக்காக வாளியை நகர்த்தி வச்சு வணக்கம் சொன்னார்.

எங்கம்மா நகராட்சியில் 26 வருசம் கூட்டுனவங்க. அன்னைக்குப் போனில் சொன்னேன். "டாக்டரா? படிக்கட்டையா? அந்தாளுக்கு யாரும்மா பொண்ணு குடுத்தாங்க?"ன்னு கேட்டுச்சி. ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்புறம் அம்மா ரொம்ப நேரம் பேசலை.

அங்கே எல்லாம் சமத்துவம்னு நான் சொல்ல வரலை. 1961-ல் துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு ஆள் எடுத்தார்கள். வந்தவர்களை ஒரே அறையில் அடுக்குக் கட்டில் போட்டு விடுதிகளில் அடைத்தார்கள். கேரளத்துப் பெண்கள் 1960-களிலிருந்தே நர்சு வேலைக்குப் போயிருக்கிறார்கள். நான் வேலை பார்த்த இல்லத்திலும் கக்கூஸ் கழுவ வந்தவர்கள் முக்கால்வாசி வேற தேசத்துப் பெண்கள்தான். துருக்கிப் பேர் இருந்தா வாடகைக்கு வீடு கிடைக்கறது கஷ்டம்னு கூட வேலைபார்த்த அக்கா ஒருத்தர் சொன்னாங்க. அந்த வலி எனக்கு உடனே புரிஞ்சது. ஆனா அந்த அக்கா மகள் சட்டம் படிச்சிக்கிட்டிருந்தா. அம்மா துடைப்பத்தைப் பிள்ளையும் பிடிக்கணும்னு அங்கே எந்தச் சாஸ்திரமும் இல்லை.

சாதியை நான் அங்கே பார்த்தது நம்மாளுங்க வீட்டில். பொங்கலுக்கு ஒரு தமிழ்க் குடும்பம் கூப்பிட்டாங்க. நல்லா உபசரிச்சாங்க. சேவை முடிஞ்சு மேல படிக்கறதா இருந்தா எங்க வீட்லயே ஒரு அறை சும்மா கெடக்கு, வந்து இரும்மான்னாங்க. சாப்பிட்டு முடிக்கும்போது ஐயா கேட்டார்: "ஊர் சரி, ஊர்ல எந்தப் பக்கம்?" எங்க தெருப்பேரைச் சொன்னேன். அதுக்கப்புறம் அறையைப் பத்திப் பேச்சே இல்லை. அடுத்த வாரம் அந்த அறைக்கு வேற ஆள் வந்துட்டதா சேதி வந்தது.

அன்னைக்கு ராத்திரி எனக்கு அண்ணல் அம்பேத்கர்தான் ஞாபகம். அமெரிக்காவிலும் லண்டனிலும் படிச்சிட்டு 1917-ல் பரோடா சமஸ்தானத்து வேலைக்கு வந்தவர். அவருக்கு அந்த நகரத்தில் தங்க ஒரு எடம் கிடைக்கலை. பார்சி விடுதியில் பார்சிப் பேரைச் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து வெளியேறச் சொன்னார்கள். பூங்காவில் உக்காந்திருந்துவிட்டு ராத்திரி ரயிலில் பம்பாய் திரும்பினார். கடல் தாண்டின நாலஞ்சு வருசத்தில் தான் தீண்டப்படாதவன் என்கிற நினைப்பே போயிடுச்சுன்னு அவரே எழுதியிருக்கிறார். திரும்பி வந்ததும் அந்த நினைப்பை ஊட்டியது ஒரு வாடகை அறைதான்.

நான் திரும்பி வந்தபோது நிலைமை தலைகீழ். இப்ப ஜெர்மன் பிள்ளைங்க இங்கே வர்றாங்க. அவங்க அரசு 2008-ல் தொடங்கின திட்டத்தில் இளசுகள் ஒரு வருசம் நம்ம பக்கம் வந்து வேலை செய்யுது. எங்க வட்டாரத்தில் ஒரு நிறுவனம் சேரிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துது. ரெண்டு பெண்கள் வந்து பாடம் எடுத்தாங்க. தங்கவச்சது ஊர்த்தெருவில், மாடி வீட்டில். அதே மாடியை நான் வாடகைக்குக் கேட்டப்ப, "கவுச்சி ஆகாதும்மா, நாங்க சுத்த சைவம்"னு சொன்ன வீட்டுக்காரர்தான். அந்தப் பிள்ளைங்க மாட்டுக்கறி தின்னும்னு அவருக்கு நல்லாத் தெரியும். "வெள்ளக்காரப் புள்ளைங்க, அதுங்க பழக்கம் அப்படி"ன்னு சொல்லிக்கிட்டார். அப்ப கறியில் இல்லை தீட்டு. தின்கிற வாயில் இருக்கு.

அந்தப் பெண்களில் ஒருத்தி என்னிடம் ஜெர்மனில் கேட்டாள்: "எங்கிட்டப் படிக்கிற பிள்ளைங்க நோட்டு குடுக்க வந்தா ஏன் கேட்டுக்கு வெளியவே நிக்குதுங்க? உள்ள வாங்கன்னா ஓடுதுங்களே?" ஒரு மணி நேரம் உக்காந்து சொன்னேன். புறப்படுறதுக்கு முந்தி கொடுத்த பயிற்சியில் யாரும் இதைச் சொல்லலையாம். கொதிக்கவச்ச தண்ணி குடிக்கணும், இடது கையால வாங்கக்கூடாது, இதெல்லாம் சொல்லியிருக்காங்க.

நிறுவனத்தில் போய்ப் பேசினேன். சேரியில் தங்கவைங்கன்னேன். வசதி இல்லை, கக்கூஸ் இல்லை, பாதுகாப்பு இல்லைன்னாங்க. எங்க வீட்டில் கக்கூஸ் இருக்கு. அம்மா ஓய்வுபெற்ற காசில் மேலே ஓட்டு வீடாக ஒரு அறையும் எடுத்திருக்கு. வந்து பாருங்கன்னேன். பாக்க வரலை.

தோழர்களே, இதில் ஒரு கணக்கு இருக்கு. சேரிப் பிள்ளைங்க போட்டோவைக் காட்டித்தான் காசு வருது. அந்தக் காசில் மாசாமாசம் வாடகை போறது ஊர்த்தெருவுக்கு. சாப்பாட்டுச் செலவும் ஊர்த்தெருவுக்கு. சேரிக்கு மிஞ்சுறது சாயங்காலம் ரெண்டு மணிநேரம் இங்கிலீசுப் பாட்டு. சேரியில் வேலை செய்யுறோம்னு சொல்லுற எந்த நிறுவனமும் வர்ற தொண்டர்களைச் சேரியில் தங்கவைக்கணும், வாடகையைச் சேரியில் குடுக்கணும். வசதி இல்லேன்னா அந்த வசதியைச் செஞ்சு குடுக்கறதே முதல் தொண்டா இருக்கட்டும். இதை நாம எழுதியே கேக்கணும். எங்கம்மா அந்த அறைக்குப் புதுசாப் பூட்டு வாங்கியாச்சு. சாவி ரெண்டு.