ராணி போன பெட்டி

மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் போகும் வழியில், சாலையைவிட்டு உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டம். மாசி மாதம். மரங்கள் பழைய இலையை உதிர்த்துத் தளிர் விட்டிருந்தன. ரப்பரில் தேன் ஊறுவது பூவில் அல்ல. மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்திலுள்ள சுரப்பிகளில். அந்தத் தேனுக்காகத்தான் மர வரிசைகளுக்கு நடுவே கால் நட்டு, அடுக்குத் தேனீப் பெட்டிகளை வைத்திருக்கிறார்கள்.

பெட்டிக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: “தம்பி, வாழப்பழம் எதுவும் தின்னுட்டு வந்தியளா?” இல்லை என்றேன். சென்ட் போட்டிருக்கிறேனா என்பது அடுத்த கேள்வி. அதற்கும் இல்லை என்ற பிறகே மூடியைத் திறந்தார்.

கீழ் அறையிலிருந்து ஒரு சட்டத்தை மெல்ல உருவி வெயிலுக்கு எதிரே பிடித்தார். புழுக்களும் முட்டைகளுமாக நிறைந்த அடை. அதன் நடுவே ராணி, நீண்ட வயிறும் கறுத்த உடலுமாக. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பணித்தேனீக்கள் ராணி பக்கம் முகம் திருப்பி வட்டமாக நின்றன. உணர்கொம்பால் தொட்டன, நாவால் நக்கின. ராணி நகர்ந்ததும் வட்டம் கலைந்தது. போய் நின்ற இடத்தில் வேறு தேனீக்கள் கூடின. கலைந்தவற்றில் ஒன்றை மட்டும் கண்ணால் பின்தொடர்ந்தேன். எதிர்ப்பட்ட தேனீக்களோடெல்லாம் கொம்பை உரசிக்கொண்டே அது அடையின் ஓரம்வரை ஓடியது.

அந்த ஓட்டத்தில்தான் சேதி போகிறது. ராணியின் உடலிலிருந்து கிடைக்கும் ஒரு பொருள் கூட்டையே கட்டிவைத்திருக்கிறது என்று இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் காலின் பட்லர் 1954இல் எழுதினார். அதன் முதன்மைச் சேர்மம் ஒரு கொழுப்பு அமிலம் என்பது 1960இல் தெரியவந்தது. ராணியைத் தொட்டுவிட்டு வரும் தேனீக்கள் தூதர்களாக ஓடி அதைப் பரப்புவதை 1979இல் தாமஸ் சீலி விளக்கினார். நான் படித்திருந்ததெல்லாம் ஐரோப்பியத் தேனீயைப் பற்றி. அதே ஓட்டத்தை நம் ஊர்த் தேனீயிடம் ஒரு முழத் தொலைவில் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.

சட்டத்தை உள்ளே இறக்கும்போது ஒரு தேனீ அவர் மணிக்கட்டில் கொட்டிவிட்டது. கையை உதறாமல் கொடுக்கை நகத்தால் சுரண்டி எறிந்துவிட்டு, “மோந்து பாருங்க” என்று நீட்டினார். நன்றாகப் பழுத்த மட்டிப்பழத்தின் வாசம், மெலிதாக! கொடுக்கோடு வெளிவரும் ஐசோபென்டைல் அசிட்டேட் அது. வாழைப்பழ மணத்திலும் இருக்கும் அதே பொருள். ‘இங்கே எதிரி’ என்று மற்றத் தேனீக்களுக்குக் குறி வைத்துக் கொடுப்பது அதுதான். முதல் கேள்விக்கு விடை கிடைத்தது. அவர் உடனே கதம்பைப் புகையைக் கையில் அடித்துக்கொண்டார். புகைபட்டால் தேனீயின் கொம்பு இந்த வாசத்தை உணரும் திறன் சிறிது நேரம் மங்கிவிடுகிறது.

கொடுக்கின் வாசம் சட்டெனப் பரவி, சட்டெனக் கரைந்துவிடும். ஆபத்து நீங்கிய பிறகும் கூடு கொதித்துக்கொண்டிருந்தால் தேன் எடுக்க யார் போவது? ராணியின் பொருளோ எளிதில் ஆவியாகாது. ஒன்றுக்கொன்று தொட்டுக் கொடுத்தால்தான் கடைசித் தேனீக்கும் போய்ச் சேரும். கூட்டம் பெருகினால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பங்கு மெலியும், அடையின் கீழ் விளிம்பில் புது ராணிக்கான அறைகள் தொங்கத் தொடங்கும். பெட்டிக்காரர்கள் அதைக் கண்டுதான் கூட்டத்தைப் பிரிக்கிறார்கள். ராணி யாருக்கும் உத்தரவு போடுவதில்லை. ராணியின் வாசம் எவ்வளவு வருகிறது, எப்போது குறைகிறது என்பதைக் கொண்டு முடிவெடுப்பவை பணித்தேனீக்களே. எனக்கு இந்தக் கூட்டின் பெரிய அதிசயம் இதுதான்.

கடைசி வரிசையில் ஒரு பெட்டி. “இதுல ராணி இல்ல. காத வச்சுப் பாருங்க.” மற்றப் பெட்டிகளின் சீரான ரீங்காரம் அங்கே இல்லை, ஏறி இறங்கும் ஒரு முனகல். திறந்து காட்டினார். சில அறைகளில் இரண்டு மூன்று முட்டைகள், தாறுமாறாக. ராணியின் வாசம் நின்றதும் பணித்தேனீக்களின் சூல்பை விழித்துக்கொள்ளும். அடுக்குத் தேனீயில் இது வெகு விரைவில் நடக்கும். ஆனால் இணைசேராத அவற்றின் முட்டையிலிருந்து ஆண் தேனீ மட்டுமே வரும். உழைக்க ஆளில்லாமல் கூடு அழியும்.

1991 வாக்கில் வந்த தாய் சாக்புரூட் வைரஸ் நோயில் இந்த வட்டாரத்துப் பெட்டிகள் ஏறக்குறைய எல்லாமே காலியானதை அவர் பார்த்தவர். ஒரு கூட்டம்கூட வீணாவதை அவரால் பொறுக்க முடிவதில்லை.

சாயங்காலம், மேயப் போனவை எல்லாம் திரும்பியதும், ராணியுள்ள பெட்டி ஒன்றின் மேல் செய்தித்தாளை விரித்து ஊசியால் அங்கங்கே குத்தினார். ராணி இல்லாத கூட்டத்தின் அறையைத் தூக்கி அதன்மேல் வைத்தார். நேராகச் சேர்த்தால் அந்நிய வாடை என்று கடித்துக் கொன்றுவிடும். தாளை இரு பக்கமும் கடித்துத் துளைப்பதற்குள் வாடை ஒன்றோடொன்று கலந்துவிடும்.

“எப்பத் தெரியும் அண்ணே, சேர்ந்துட்டுன்னு?”

“வாசல்ல தாள் துகள் விழுந்து கெடக்கும். அதுவரைக்கும் மூடியத் தொடமாட்டேன்.”