இரண்டு முட்டைக் கூடு

லேசான் அல்பட்ராஸ் ஆடுவதைப் பார்க்கிறவர்கள் முதலில் சிரித்துவிடுவார்கள். வெள்ளை உடலும் கருஞ்சிறகும் கொண்ட பெரிய கடற்பறவை. இரண்டு பறவைகள் எதிரெதிரே நின்று தலையை மேலும் கீழும் ஆட்டும்; அலகைக் கடகடவெனத் தட்டும்; ஒன்று தலையைத் திருப்பிச் சிறகடியில் செருகும்; பிறகு நுனிக்காலில் எழும்பி, அலகை வானத்துக்கு உயர்த்தி, மாடு கத்துவதுபோல் நீண்ட குரலெடுக்கும். ஒன்று செய்வதற்கு மற்றது உடனுக்குடன் பதில் தரவேண்டும். இளம் பறவைகள் சில ஆண்டுகள் பலவற்றோடு ஆடிப் பார்த்த பிறகே ஒரு துணையிடம் நிலைக்கின்றன.

இதில் ஆணுக்கென்று தனி அடவு கிடையாது. உருவத்தை வைத்தும் எளிதில் பிரித்தறிய முடியாது. வகுப்பில் காணொளியைப் போட்டால் மாணவிகள் கேட்கும் முதல் கேள்வி, "இதுல எது மேம் ஆண்?" நீங்களே சொல்லுங்கள் என்பேன். பெரும்பாலும், முதலில் ஆடத் தொடங்கியதைக் கைகாட்டுவார்கள்.

பெண் பறவை ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். ஆனாலும் சில கூடுகளில் இரண்டு முட்டைகள் கிடப்பதை ஆய்வாளர்கள் வெகுகாலமாகவே கண்டிருந்தார்கள். ஹவாயின் ஓவாஹு தீவில், கயினா முனையில் கூடுகட்டும் பறவைகளை லிண்ட்சே யங்கும் சகாக்களும் மரபணுச் சோதனை செய்தார்கள். 2008இல் வெளியான முடிவு: அங்குள்ள இணைகளில் 31 விழுக்காட்டில் இரண்டுமே பெண். அங்கே ஆண்கள் குறைவு. முட்டையைக் கருவுறச் செய்வது வேறு கூட்டில் துணையுள்ள ஆண். ஏறத்தாழ 65 நாள் முறைவைத்து அடைகாப்பதும், கடலுக்குப் போய் இரை கொண்டுவருவதும் இந்த இரண்டு பெண்கள். இரண்டு முட்டையில் ஒன்றைத்தான் காக்க முடியும் என்பதால் மற்ற இணைகளைவிடக் குறைவான குஞ்சுகளே தேறுகின்றன. அதை மறைக்க வேண்டியதில்லை. கவாய் தீவில் ஒரு பெண் இணை 19 ஆண்டுகள் சேர்ந்திருந்தது.

பறவையைக் காட்டி மனிதருக்கு நியாயம் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. பக்கத்துக் கூட்டுக் குஞ்சைத் தின்னும் கடற்பறவையும் உண்டு. எனக்கு உறுத்துவது பார்த்தவர்களின் கண். அத்தனை பேர் முன்னால், பட்டப்பகலில், உரத்த குரலில் ஆடியும் இணை என்றால் ஆணும் பெண்ணும்தான் என்று எழுதிக்கொண்டார்கள்.

என்னை வளர்த்தது அம்மாவும், அவரோடு வேலை பார்த்த தோழியும். அவரை நான் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். இருவரும் நர்ஸ். ஒருவர் நைட் டியூட்டி முடித்து வர, மற்றவர் கிளம்புவார். வாசலில் கிடைக்கும் இரண்டு நிமிடத்தில் எல்லாம் கைமாறும்: "காய்ச்சல் விட்டுடுச்சு. கஞ்சி பாதிதான் குடிச்சா." வாடகைக்கு வீடு கேட்டால், "ஆம்பளை யாரு இருக்கா?" பள்ளியில் பெரியம்மா போட்ட கையெழுத்தை, உறவுமுறை என்ன என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பதினான்கு வருடம் எனக்குத் தலைபின்னியவர் அவர்.

கடலிலிருந்து துணை திரும்பியதும் இரண்டு அல்பட்ராஸும் முட்டையை நோக்கிக் குனிந்து தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும். சிலசமயம் அடைகாப்பது எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்தே இருக்கும். வந்தது அதை நெட்டித் தள்ளவேண்டியிருக்கும். அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"உங்க பெரியம்மாவும் அப்படித்தான்," என்றார். "உன்ன மடியில வெச்சுக்கிட்டு டியூட்டிக்கே கிளம்பமாட்டா."