வெளிமானைத் தேடி ஒரு பிரயாணம்

காரைக்காலில் மலை கிடையாது. வயல் உண்டு, வாய்க்கால் உண்டு, அரசலாறு வந்து கலக்கும் கடல் உண்டு. சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தச் சின்னப் பிரதேசத்தில் உயரமாக எதையாவது பார்க்க வேண்டுமானால் கோயில் கோபுரத்தைத்தான் அண்ணாந்து பார்க்க வேண்டும். அப்பேர்ப்பட்ட ஊரிலிருந்து புறப்பட்டு, செங்குத்தான மலையில் வில்லேந்தி மான் வேட்டையாடும் சமாசாரத்தைப் பேசப் போகிறோம் என்றால், "என்ன ஐயா, வெயில் கொஞ்சம் அதிகமோ?" என்று நீங்கள் கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். காரைக்காலுக்கும் மானுக்கும், காரைக்காலுக்கும் மலைக்கும் சம்பந்தம் உண்டு.

மான் சம்பந்தத்தை முதலில் பார்ப்போம். ஆனி மாதத்துப் பௌர்ணமியை ஒட்டி இங்கே மாங்கனித் திருவிழா நடக்கிறது. காரைக்கால் அம்மையாரின் கதையை நினைவூட்டும் விழா அது. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். கீழே கூட்டம் முண்டியடித்துக்கொண்டு பிடிக்கும். சிற்பங்களில் பிச்சாண்டவர் திருக்கோலத்தைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? பக்கத்தில் ஒரு மான் துள்ளி எழுந்து அவர் கையை எட்டிப் பார்க்கும். தாருகாவனத்து ரிஷிகள் வேள்வித் தீயிலிருந்து புலியை ஏவினார்கள். இறைவன் அதன் தோலை உரித்து உடுத்துக் கொண்டார். மானை ஏவினார்கள்; அதை மட்டும் கொல்லாமல் கையில் பிடித்துக்கொண்டார் என்பது புராணம்.

மலைச் சம்பந்தம் பிரெஞ்சுக்காரர்கள் வழியாக வந்தது. 1739-ல் காரைக்காலில் காலூன்றிய அவர்கள், நடுவில் சில காலம் ஆங்கிலேயரிடம் பறிகொடுத்து மீண்டும் பெற்று, 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஊரை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-ல் நிறைவேறியது. இன்றும் இங்கே பல குடும்பங்களுக்குப் பிரான்சில் ஒரு சித்தப்பாவோ, மாமாவோ இருக்கிறார்கள். அந்தப் பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் 'ஷாம்வா' என்று ஒரு பிராணி உண்டு. ஆட்டுக்கும் இரலை மானுக்கும் இடைப்பட்டது போன்ற உருவம். நுனியில் தூண்டில் முள்ளைப் போல் பின்னோக்கி வளைந்த கொம்பு. நாம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடுங்கும் பாறையில் அது குட்டியோடு நின்று புல் கடித்துக் கொண்டிருக்கும். 1995-ல் பிரெஞ்சு அரசாங்கம் வில்லால் வேட்டையாடச் சட்டப்படி அனுமதி கொடுத்தது. வேட்டை அனுமதிச் சீட்டு இருந்தால் மட்டும் போதாது. வில் வேட்டைக்கென்று தனியாக ஒரு நாள் பயிற்சியும் பெற்றாக வேண்டும்.

துப்பாக்கி இருக்கும் காலத்தில் இந்த வில் எதற்கு என்று தோன்றலாம். வில்லாளிக்கு உள்ள முதல் கஷ்டம் தூரம். நாணிலிருந்து விடுபட்ட அம்பு வினாடிக்குச் சுமார் 50 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது மீட்டர் தூரத்தில் நிற்கும் விலங்கைச் சேர அதற்கு ஒரு வினாடி பிடிக்கும். ஆனால் நாண் எழுப்பும் 'டங்' என்ற ஓசை அந்த விலங்கின் காதை ஏழில் ஒரு பங்கு வினாடியில் எட்டிவிடும். அம்பு வந்து சேரும்போது விலங்கு அங்கே இராது! ஆகையால் வில்லாளி இருபது முப்பது மீட்டருக்குள் நெருங்கியாக வேண்டும்.

மலை அவனுக்கு உதவி செய்கிறது. பாறை மறைவு தருகிறது. பாறையில் வாழும் விலங்குகள் ஆபத்து கீழேயிருந்துதான் வரும் என்று எண்ணிப் பெரும்பாலும் சரிவையே பார்த்துக்கொண்டிருக்கும். கெட்டிக்கார வேட்டைக்காரன் சுற்றி வளைத்து ஏறி, மேலேயிருந்து இறங்கி வருவான். வெயில் ஏறிய பிறகு சூடான காற்று சரிவில் மேல்நோக்கி எழும். அவன் வாடை விலங்கின் மூக்குக்குப் போகாது. ஆனால் அம்பை எய்யும்போது மலை ஒரு வித்தை காட்டும். மேல்நோக்கி எய்தாலும் சரி, கீழ்நோக்கி எய்தாலும் சரி, கண்ணுக்குத் தெரியும் தூரத்தைக் கணக்கிட்டால் அம்பு இலக்குக்கு மேலே போய்விடும். இரண்டுக்கும் இடையே தரைமட்டத்தில் எவ்வளவு தூரமோ, அதைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டு மலைகளிலும் இந்த வித்தை தெரிந்தவர்கள் இருந்தார்கள். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். அவன் விட்ட ஒரே அம்பு யானையைச் சாய்த்து, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பிலே போய்த் தைத்தது என்று புறநானூற்றில் வன்பரணர் வியக்கிறார். கணக்கைப் புலவரிடமே விட்டுவிடுவோம். இன்றைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸிலே ஏறிப் போகும்போது நமக்கே மூச்சு வாங்குகிற கொல்லிமலையில், வில் என்பது சோற்றுக்கும் மானத்துக்கும் உற்ற துணையாக இருந்தது என்பது மட்டும் தெரிகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளிகளில் நம்முடைய ஷாம்வா இருக்கிறது. அதுதான் வரையாடு. சேரன் செங்குட்டுவனுக்கு மலைமக்கள் கொண்டுவந்த காணிக்கைகளில் 'வருடை' என்று சிலப்பதிகாரம் குறிப்பிடுவது இதைத்தான் என்பார்கள். ஆங்கிலத் துரைமார்கள் துப்பாக்கியோடு வந்த பிறகு அதன் பாடு திண்டாட்டமாகிவிட்டது. இன்று அது தமிழ்நாட்டின் மாநில விலங்கு. அதைக் காப்பதற்கென்றே 2022-ல் தமிழக அரசு ஒரு தனித் திட்டம் அறிவித்தது. 2024-ல் கணக்கெடுத்தபோது தமிழ்நாட்டு மலைகளில் 1,031 வரையாடுகள் இருந்தன.

வரையாடு மான் இனம் அல்ல, ஆட்டு வகை. அப்படியானால் ஷாம்வாவுக்கு அந்தப் பக்கத்து உறவான அசல் இரலை நம் பக்கத்தில் எங்கே இருக்கிறது? அதற்கு மலையை விட்டு இறங்க வேண்டும். தமிழர்கள் பெயர் வைப்பதில் சமர்த்தர்கள். 'வரை' என்றால் மலை. மலையில் வாழ்வது வரையாடு. 'வெளி' என்றால் திறந்த சமவெளி. அங்கே வாழ்வது வெளிமான். இருப்பிடத்தைப் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். புள்ளிமான் வருஷா வருஷம் கொம்பை உதிர்த்து மறுபடி வளர்க்கும். வெளிமானின் கொம்பு உதிராது. உள்ளே எலும்பு, அதன்மேல் உறை போட்டாற்போல் கொம்பு. திருகுத் திருகாக ஆயுள் முழுவதும் நிலைத்திருக்கும். கலைமானின் முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. பிணைமானுக்குப் பழுப்பு நிறம். சாதாரணமாகக் கொம்பு இராது.

இந்த வெளிமானைப் பார்க்கக் காரைக்காலிலிருந்து தெற்கே பஸ் ஏறினால் போதும். வாஞ்சூரில் எல்லை தாண்டி, நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்று மூன்று மதங்களின் ஊர்களையும் கும்பிட்டுக்கொண்டு, 1930-ல் ராஜாஜி உப்பு அள்ளிய வேதாரண்யத்தில் இறங்கி, இன்னும் சுமார் 10 கிலோமீட்டர் போனால் கோடியக்கரை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு அந்தக் காடும் சேற்றுக்குழிகளும் ஏற்கெனவே பரிச்சயம்தான்! 1967-ல் முக்கியமாக வெளிமானுக்காகவே இங்கே சரணாலயம் ஏற்பட்டது. 2002-ல் இந்தப் பகுதியின் சதுப்பு நிலங்கள் ராம்சார் உலகப் பட்டியலில் இடம்பெற்றன.

இங்கேயும் ஒரு 'மலை' இருக்கிறது. ராமர் பாதம் என்று பெயர். உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 4 மீட்டர்! வட்டாரத்தில் அதுதான் சிகரம். ராமபிரான் இங்கே நின்று இலங்கையை நோக்கினார் என்பது ஐதிகம். வில்லேந்தி ஒரு மானைத் துரத்திப் போய், அதனால் மனைவியையே பிரிந்தவருடைய பாதச் சுவட்டைச் சுற்றி இன்றைக்கு மான்கள் பயமில்லாமல் மேய்கின்றன.

இந்தத் தட்டையான வெளியில் வில்லாளி என்ன செய்வான்? மறைவு ஏது? மரமும் இல்லாத பாறையும் இல்லாத புல்வெளியில் மந்தையின் ஏதாவது ஒரு ஜோடிக் கண் எப்போதும் விழித்திருக்கும். ஒன்று மிரண்டு நேர்மேலே எம்பிக் குதித்தால் போதும். அத்தனையும் ஓட்டம் பிடிக்கும். மணிக்கு 80 கிலோமீட்டர்! சிவிங்கிப் புலிக்குத் தப்பிப் பிழைப்பதற்காகவே ஏற்பட்ட வேகம் அது. அந்தச் சிவிங்கிப் புலி இந்தியாவில் அடியோடு அழிந்துவிட்டதாக 1952-ல் அறிவித்தார்கள். 2022-ல் நமீபியாவிலிருந்து சிலவற்றைக் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தில் விட்டிருக்கிறார்கள்.

எனவே சமவெளி வேட்டைக்காரர்கள் தந்திரத்தை நம்பினார்கள். மாட்டு வண்டியைக் கண்டு மான் பயப்படாது என்று தெரிந்துகொண்டு, காளையின் மறுபக்கம் ஒளிந்தபடியே நடந்து நெருங்கினார்கள். மொகலாயர்கள் சிவிங்கிப் புலியைப் பழக்கி ஏவினார்கள். பழக்கிய கலைமானின் கொம்பில் சுருக்குக் கண்ணி கட்டி அனுப்புவதும் உண்டு. சொந்த எல்லைக்குள் அந்நியன் வந்தானே என்று காட்டுக் கலைமான் முட்ட வரும். கொம்பும் கொம்பும் சிக்கிக்கொள்ளும். மன்ஸ்ராஜ் என்ற தன் செல்லக் கலைமான் இறந்தபோது, ஜஹாங்கீர் சக்கரவர்த்தி அதன் ஞாபகமாக ஒரு கோபுரமே கட்டினார். ஹிரன் மினார் என்ற அந்தக் கோபுரம் பாகிஸ்தானில் ஷேக்குபுராவில் இன்றும் நிற்கிறது.

வில்லுக்கும் கண்ணிக்கும் ஈடு கொடுத்த வெளிமான், துப்பாக்கிக்கும் கலப்பைக்கும் ஈடு கொடுக்க முடியவில்லை. துப்பாக்கிக்கு நெருங்க வேண்டிய அவசியமே இல்லை. புல்வெளியெல்லாம் வயலாயிற்று. தமிழ்நாட்டில் இப்போது கோடியக்கரை, சென்னை கிண்டி, தூத்துக்குடிப் பக்கத்து வல்லநாட்டுக் குன்று, மோயாற்றுப் பள்ளத்தாக்கு என்று விரல் விட்டு எண்ணக்கூடிய சில இடங்களில்தான் கூட்டமாகப் பார்க்கலாம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு மிக உயர்ந்த பாதுகாப்பைத் தருகிறது. வில்லோ, வலையோ, துப்பாக்கியோ, எதை எடுத்தாலும் சிறைதான்.

வேட்டை போயிற்று, ஆபத்து போகவில்லை. முன்னே யாரோ அவிழ்த்துவிட்ட குதிரைகள் காட்டுக் குதிரைகளாகப் பெருகி, மானின் புல்லில் பங்கு கேட்கின்றன. சீமைக்கருவேல் புல்வெளிக்குள் படை எடுக்கிறது; அது மூடிய இடத்தில் வெளியும் இல்லை, வெளிமானும் இல்லை. 2004-ல் சுனாமி வந்தது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் இந்தக் கரையைத்தான் கடந்தது. பாலை மரங்கள் அடர்ந்த காட்டில் எத்தனையோ மரங்கள் சாய்ந்தன. மலையில் வாழும் வரையாடு, வெயில் ஏறினால் இன்னும் கொஞ்சம் மேலே போகலாம். கடல் ஏறினால் வெளிமான் எங்கே ஏறும்? நாலு மீட்டர் ராமர் பாதத்திலா?

மானைப் பார்க்கப் போகிறவர்கள் விடியற்காலையில் போக வேண்டும். அங்கே ஒரு வனக் காவலரிடம், "அண்ணே, எவ்வளவு கிட்டே போகலாம்?" என்று கேட்டால் அவர் சிரிப்பார். "அது தலையத் தூக்கிப் பாக்குது பாருங்க, அந்த எடத்துல நின்னுடணும் சார். அதுக்கு மேல ஒரு அடி வச்சீங்க, அது ஓடிடும். ஓடுனா குட்டி தனியா நின்னுடும். நாய்க்குத் தெரிஞ்சா அவ்ளோதான்."

காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்ப்பதும், மெதுவாக நடப்பதும், மந்தை தலை தூக்கினால் சிலைபோல் நிற்பதும் வில்லாளியின் பாடங்கள்தாம். அவற்றையெல்லாம் அவனிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். அம்பை மட்டும் வீட்டிலே வைத்துவிட்டுப் போகலாம். பளபளக்கும் சட்டை வேண்டாம். குழந்தைகளை அழைத்துப் போனால், "மான்!" என்று கத்தாமல் காதோடு சொல்லச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பையைக் காட்டில் போடாதீர்கள். மழைக்காலம் முடிந்து புல் பச்சைப் பசேல் என்றிருக்கும் மார்கழி, தை மாதங்களில் போனால் உப்பங்கழியில் பூநாரைகளையும் பார்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் காரைக்காலுக்குத் திரும்பிவிடலாம்.