ஆரப்பாளையத்தில் ஒரு காலைப்பொழுது

தேனி, திண்டுக்கல் சாலைகளில் வரும் பேருந்துகள் மதுரையில் வந்து நிற்குமிடம் ஆரப்பாளையம். பொழுது புலரும் வேளையில் நாம் அங்கே இறங்கியபோது, கைக்குழந்தையுடன் நின்ற ஓர் இளந்தாய், "பெரியாஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸுங்க ஐயா?" என்று வினவினார். முன்னாளில் எர்ஸ்கின் மருத்துவமனை என வழங்கிய அரசு இராசாசி மருத்துவமனையையே மதுரை மக்கள் அவ்வாறு அழைப்பர். நாமும் வைகையின் வடகரைக்கே செல்லவேண்டியிருந்ததால் உடன் சென்றோம்.

வழியில் தம் கதையைக் கூறினார். மகன் பிறந்தது முதலே சிறுநீர் தாரையாக வராமல் சொட்டுச் சொட்டாகவே வந்ததாம். அடிவயிறு பருத்தது, காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. உடற்சூடு என்றெண்ணி உச்சியில் விளக்கெண்ணெய் வைத்தனர். மூன்றாம் மாதத்தில்தான் மருத்துவரிடம் காட்டினர்.

ஆரப்பாளையத்தை ஒட்டிய புட்டுத்தோப்பு, வைகைக் கரை உடைந்த பழங்கதையை ஆண்டுதோறும் ஆவணியில் மதுரை நினைவுகூரும் இடம். போக வழியற்ற வெள்ளம் கரையைத்தானே அழுத்தும்? இக்குழந்தையின் உடலிலும் நேர்ந்தது அதுவே. சிறுநீர் வெளியேறும் குழாயில் மெல்லிய சவ்வு ஒன்று கதவுபோல் மறிக்க, தேங்கிய நீர் சிறுநீர்ப்பையைப் புடைக்கச்செய்து சிறுநீரகங்களைத் தாக்குகிறது. ஆண் குழந்தைகளுக்கே உரிய இப்பிறவிக் குறை, ஏறத்தாழ 5,000 முதல் 8,000 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு நேர்கிறது. 1919-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஹியூ ஹாம்ப்டன் யங் இதனை வகைப்படுத்தி விளக்கினார்.

முதலில் மெல்லிய குழாய் செலுத்தித் தேங்கிய நீரை வடிப்பர். கிருமித் தொற்றுக்கு மருந்தளிப்பர். சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்து அடைப்பை உறுதிசெய்வர். பின்னர் இயற்கை வழியாகவே நுண்ணிய தொலைநோக்கிக் கருவியைச் செலுத்திச் சவ்வை அகற்றுவர். வயிற்றைக் கிழிக்க வேண்டுவதில்லை.

"இப்பத்தான் நல்லாப் போறானே, இன்னும் எதுக்கு அலைச்சல்னு மாமியார் கேக்குறாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல" என்றார் அத்தாய்.

அவர் உள்ளம் உரைத்ததே சரி. அடைப்பு நீங்கினாலும், கருவறையிலேயே சிறுநீரகம் பட்ட ஊறு முற்றும் மறைவதில்லை. சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்துச் சிறுநீரகம் செயலிழப்பதுண்டு. ஆதலின் இரத்தப் பரிசோதனை, இரத்த அழுத்தம், ஸ்கேன் ஆகியவற்றை மருத்துவர் குறிக்கும் நாள்களில் தவறாது பார்த்தல் வேண்டும்.

பேறுகால ஸ்கேனில் சிசுவின் சிறுநீரகம் வீங்கியிருப்பதாகக் கூறினால் அஞ்சவேண்டாம். பல வீக்கங்கள் தாமே வடிந்துவிடும். ஆயினும் பிறந்தபின் மறுபடி பார்க்காமல் விடலாகாது. குழந்தையைக் குளிப்பாட்டும் தாய்மாரே, பாட்டிமாரே, சிறுநீர் தாரையாகப் பாய்கிறதா என்று ஒருகணம் நோக்குங்கள். காரணம் விளங்காத காய்ச்சல், எடை கூடாமை, புடைத்த அடிவயிறு இவற்றைச் சூடு என்று தள்ளிவிடாதீர்கள்.

மருத்துவமனை வாயிலில் மகனைத் தோளில் சாய்த்தபடி விடைபெற்றார் அவர். குழந்தை நம்மை நோக்கிச் சிரித்தது.