கலங்கலும் தெளிவும்

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் கீழக்குயில்குடியில் சமணர் மலையடிவாரத்துத் தாமரைக் குளம் கலங்கி நிற்கும். செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் உள்ள தீர்த்தங்கரர் சிற்பங்களைக் காண வருவோர் அதைப் பார்த்து முகஞ்சுளிப்பர். நம் பாட்டியார் இத்தகைய நீரைக் குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை இழைத்துத் தெளிய வைப்பார். கலித்தொகையிலேயே இவ்வழக்கம் உவமையாக வந்துள்ளது. தெளிவே நீருக்கு அழகு என்றுதான் நாமும் எண்ணியிருந்தோம். தெளியவே கூடாத நீரும் உண்டு என்பதை அண்மையில் நம் தெரு இளைஞர் ஒருவர் நமக்குக் கற்பித்தார்.

அவர் இயற்பியல் ஆய்வு மாணவர். நானோ பாய்மம் குறித்துத் தமிழில் ஒரு கட்டுரை எழுதி, "பிழை திருத்தித் தாருங்கள் ஐயா" என்று கொண்டுவந்தார். உடன் இரண்டு சிறு புட்டிகளும் வந்தன. ஒன்றில் பால்போன்ற வெண்ணீர். மற்றதில் அடியில் வெண்பொடி, மேலே தெளிநீர். இரண்டும் ஒரே அலுமினிய ஆக்சைடு, ஒரே அளவு, ஒரே நீர்.

செய்தி இதுதான். செம்பு நீரைவிட ஏறத்தாழ 650 மடங்கு வெப்பத்தைக் கடத்தவல்லது. ஆகவே திண்மத் துகள்களை மீநுண்ணியதாக்கித் திரவத்தில் கலந்தால் அத்திரவமும் வெப்பத்தை விரைந்து கடத்தும் என்பது கருத்து. நானோ பாய்மம் என்னும் பெயரை 1995இல் வழங்கியவர் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் சோய். 2003இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் சரித் குமார் தாஸ், த. பிரதீப் முதலியோர் பொன் துகள்களை இருவகையாகத் தயாரித்து அளந்தனர். சிட்ரேட்டால் நிலைநிறுத்தி நீரில் கலந்தவை ஒருவிதமாகவும், தயால் என்னும் கரிமச் சேர்மப் போர்வை இட்டு டொலுயீனில் கலந்தவை வேறுவிதமாகவும் வெப்பத்தைக் கடத்தின. பொன் ஒன்றே, அதன் மேற்போர்வையும் அது மிதந்த திரவமும் வேறு.

தயாரிப்பில் இரு நெறிகள் உண்டு. திரவத்துக்குள்ளேயே துகளைப் பிறப்பிப்பது ஒருபடி முறை. பொடியைத் தனியே செய்து பின்னர்க் கலப்பது இருபடி முறை. இது எளிது, செலவும் குறைவு. ஆனால் உலர்ந்த பொடி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். அதை மீயொலியால் உடைக்க வேண்டும். அமில காரத் தன்மையைச் சரிசெய்து, துகள்கள் ஒரே மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று தள்ளும்படி செய்ய வேண்டும். பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள்களும் சேர்ப்பர். அளவு மிஞ்சினால் அவையே வெப்பத்துக்குத் தடையாகும். சிறு சங்கிலிபோல் துகள்கள் கோத்து நின்றால் கடத்துதிறன் கூடுவதும் உண்டு. பெருங்கட்டியானால் வண்டலாகப் படிந்துவிடும்.

நம் இளைஞர் முதல் நாள் மீயொலித் தொட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு அளந்தார். எண் மிக உயர்ந்திருந்தது. மறுநாள் துகள் படிந்தபின் அளந்தார். வெறும் நீரைவிடச் சற்றே மிகுதி. பின்னர்ச் சில துளி அமிலம் சேர்த்து நிலைநிறுத்தி, அறை வெப்பநிலைக்கு ஆறவிட்டு அளந்தார். இடைப்பட்ட எண் கிட்டியது. கட்டுரையில் இருந்ததோ முதல் எண் மட்டும்.

"மற்றவை எங்கே தம்பி?" என்றோம்.

"அவை சரியாகத் தயாரிக்காதவை ஐயா."

"முதலாவது சரியாகத் தயாரித்ததா?"

அவர் விடை கூறவில்லை. நாம் பாடபேதத்தைப் பற்றிப் பேசினோம். உ.வே.சாமிநாதையர் ஏடுகளை ஒப்புநோக்கி வேறுபாடுகளை அடிக்குறிப்பில் காட்டிய நேர்மையை எடுத்துரைத்தோம். ஏடு எவ்வாறு எழுதப்பெற்றது என்றறியாமல் பாடத்தை நம்பலாகாது. பாய்மம் எவ்வாறு தயாரானது என்றறியாமல் எண்ணையும் நம்பலாகாது என்றோம். 2009இல் உலகெங்கும் முப்பதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் ஒரே மாதிரிகளைப் பகிர்ந்து அளந்தபோது வியப்பான உயர்வு எதுவும் தென்படவில்லை, பழைய கோட்பாடே பெரிதும் பொருந்தியது என்று அவர் கட்டுரையிலேயே எழுதியிருந்ததையும் சுட்டினோம்.

பொறுமையாகக் கேட்டவர், "ஐயா, தங்கள் கட்டுரை எதிலும் இப்படி நேர்ந்ததில்லையா?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை, அறியும் ஆவலால் கேட்டார்.

நேர்ந்ததுண்டு. பல்லாண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் ஒரே ஒரு சொல்லின் பாடத்தை நம்பி முழுக்கட்டுரையும் கட்டினோம். பின்னர் வேறொரு பதிப்பில் அச்சொல்லே மாறியிருக்கக் கண்டோம். அதற்குள் கட்டுரை தொகுப்பில் அச்சாகிவிட்டது. மாணவர் சிலர் மேற்கோளும் காட்டிவிட்டனர். 'அந்தப் பதிப்பு சரியில்லை' என்று நமக்கு நாமே கூறிக்கொண்டு வாளாவிருந்தோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் தொகுப்பாசிரியருக்குக் கடிதம் எழுதினோம்; மறுபதிப்பில் இரு பாடங்களையும் தந்து நம் முடிபைத் தளர்த்துவதாகக் குறித்தோம். வகுப்பிலும் சொன்னோம். சொல்லும்போது நா சற்றே தடுமாறியது என்பதை நண்பர்களிடம் மறைப்பதற்கில்லை.

இளைஞர் தம் கட்டுரையைத் திருத்திக் கொண்டுவந்தார். மூன்று எண்களும் இருந்தன. ஒவ்வொன்றின் அருகிலும் மாதிரி தயாரான விதமும் அளந்த வேளையும் இருந்தன. ஒற்றுப்பிழை நான்கு கண்டு திருத்திக் கொடுத்தோம்.